காசோலை கைமாறும் வீடு

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் த சன்' நாடகத்தைத் தமிழில் இரண்டு முறை இயக்கியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே ஒன்பது வருடம். முதல் முறை அந்தக் குடும்பத்தின் கனவுகளைப் பிடித்துக்கொண்டு இயக்கினேன். இரண்டாம் முறை காசைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் நாடகம் எனக்குத் திறந்தது.

சிகாகோ நகரின் தெற்குப் பகுதி. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகான ஏதோ ஒரு வருடம். யங்கர் என்ற கறுப்பினக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஐந்து பேர். நெருக்கடியான வீடு, சமையலறையில் ஒரே ஒரு சின்ன ஜன்னல், பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டுக்கொள்ளும் கழிவறை வெளியே நடையில். பையன் ட்ராவிஸ் கூடத்து சோபாவில் படுக்கிறான். அவனுடைய தாத்தா பெரிய வால்டர் உழைத்து உழைத்துச் செத்துப்போனார். அவருடைய ஆயுள் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர் தபாலில் வரப்போகிறது. பாட்டி லீனாவுக்குத் தோட்டம் வைக்க இடமுள்ள ஒரு வீடு வேண்டும். பணக்காரர் ஒருவருக்குக் கார் ஓட்டும் மகன் வால்டர் லீக்குப் பங்காளிகளோடு சேர்ந்து மதுக்கடை போட வேண்டும். மகள் பெனீதாவுக்கு மருத்துவப் படிப்பு. மருமகள் ரூத்துக்கு என்ன வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. அவளிடம் பிறகு வருகிறேன்.

முதல் முறை ஒத்திகையில் நான் பேசியதெல்லாம் கனவு, ஏக்கம், அடக்குமுறை. நடிகர்களும் கண்கலங்கக் கேட்டார்கள். மேடையில் எல்லாரும் ஏங்கினார்கள். ஏக்கத்துக்கு எடை கிடையாது என்பது மூன்றாவது காட்சிக்கு முன்பே பார்வையாளர்கள் முகத்தில் தெரிந்துவிட்டது.

இரண்டாம் முறை ஒத்திகைக்கூடத்துச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினேன். இடப்பக்கம் காட்சி எண், மேலே ஆறு பேர் பெயர். ஐந்து பேர் உயிரோடு இருப்பவர்கள், ஆறாவது பெயர் செத்துப்போன பெரிய வால்டர். ஒவ்வொரு காட்சி தொடங்கும்போதும் யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்று நடிகர்களே எழுத வேண்டும். சட்டைப்பையில் ஒன்றுமில்லை என்றால் சுழி போட வேண்டும். முதல் காட்சியில் ஏறத்தாழ எல்லாக் கட்டத்திலும் சுழிதான் விழுந்தது.

நாடகம் தொடங்குவது 10,000 டாலரில் அல்ல, 50 சென்ட்டில். பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமென்று ட்ராவிஸ் 50 சென்ட் கேட்கிறான். இல்லை என்கிறாள் ரூத். வால்டர் மனைவியை முறைத்துக்கொண்டே அந்தக் காசை எடுத்துக் கொடுக்கிறான். அதோடு நிற்காமல் இன்னொரு 50 சென்ட்டும் கொடுக்கிறான், மகன் முன்னால் அப்பாவாக நிற்பதற்காக. கொஞ்ச நேரம் கழித்து, வெளியே போனவன் திரும்பி வந்து அதே மனைவியிடம் பஸ் காசு கேட்கிறான். நாடகம் முழுவதும் இந்த ஐந்து நிமிடத்துக்குள் இருக்கிறது. வால்டர் பின்னால் செய்யப்போகும் பெரிய தவறு இந்தச் சின்னப் பெருமையிலேயே முளைவிட்டுவிட்டது.

டாலரை ரூபாயாக மாற்றிச் சொல்லிவிடலாமே, சனங்களுக்கு எப்படிப் புரியும் என்று நண்பர்கள் கேட்டார்கள். மாற்றவில்லை. அந்தப் பணத்துக்கு அளவுகோலை நாடக ஆசிரியரே கையில் கொடுத்துவிட்டார். 50 சென்ட் கைவிட்டுப் போனால் ஒரு வளர்ந்த மனிதனுக்குப் பஸ் ஏறக்கூடக் காசில்லை என்று பார்த்த கண்ணுக்கு 10,000 எவ்வளவு என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அதற்காகவே நாணயம் மேசைமீது விழும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். துணி விரிப்பை எடுத்துவிட்டு வெறும் மரமேசை போட்டோம்.

அடுத்த நாள் காலை செக் வருகிறது. ட்ராவிஸ் கீழே ஓடிப்போய்த் தபால்காரரிடம் வாங்கி வருகிறான். சுழிகள் சரியாக இருக்கின்றனவா என்று பாட்டி பேரனைக் கேட்கிறாள். இந்த இடத்தில் முதல் முறை லீனாவாக நடித்தவரை நான் அழச் சொன்னேன். அவர் நன்றாகவே அழுதார். கூட்டமும் உச்சுக்கொட்டியது. ஆனால் அது பொய். வருத்தம் அங்கே கண்ணீராக வராது, கைக்கு வரும். ஒரு மனுஷனுடைய முழு ஆயுள், செத்துப்போன குழந்தைக்காக அவன் பட்ட துயரம், முதுகு ஒடிய ஒடிய வேலை, எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு தாள். அதற்குக் கனமே இல்லை. இரண்டாம் முறை நடித்த அம்மாவிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "அந்த உறை இவ்வளவு லேசா இருக்கேன்னு மட்டும் நினைங்க." அவர் உறையை உள்ளங்கையில் வைத்து, காய்கறிக்காரியிடம் வாங்கியதை நிறுத்துப் பார்ப்பதுபோல் மெல்லத் தூக்கிப் பார்த்தார். அழவில்லை. அரங்கத்தில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

ரூத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1959 மார்ச் 11 அன்று பிராட்வேயில் முதன்முதலாக இந்த நாடகம் அரங்கேறியபோது சிட்னி பாய்ட்டியே வால்டராகவும், கிளாடியா மக்னீல் லீனாவாகவும், ரூபி டீ ரூத்தாகவும் நடித்தார்கள். இயக்கம் லாய்ட் ரிச்சர்ட்ஸ். எழுதியவருக்கு வயது 28. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் பிராட்வே ஏறியது அதுவே முதல் தடவை. 530 காட்சிகள் நடந்தன. இது அம்மாவின் நாடகமா, மகனின் நாடகமா என்று அந்தக் குழுவுக்குள்ளேயே வாக்குவாதம் இருந்ததைப் பாய்ட்டியே தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். மகன் பக்கம் நின்று நடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கு இரண்டு கட்சியும் இல்லை. ஒத்திகையில் யாரை நம்பி நான் மேடையில் ஆட்களை நிறுத்துகிறேன் என்று கவனித்தபோது, எப்போதும் ரூத்தைச் சுற்றித்தான் நிறுத்தியிருந்தேன். முட்டை பொரிக்கிறாள், இஸ்திரி போடுகிறாள், மற்றவர்கள் கனவை அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பேசுகிறார்கள்.

அந்த ரூத் கர்ப்பமாக இருக்கிறாள். இன்னொரு வயிற்றுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று, குழந்தையைக் கலைக்க ஒரு பெண்ணிடம் 5 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எங்கள் தாளில் ரூத்தின் பெயருக்குக் கீழே அவளாகச் செலவழித்தது என்று எழுதக் கிடைத்த ஒரே தொகை அந்த 5 டாலர்தான். அதை எழுதிய பிறகு அந்த நடிகை ஒரு வாரம் ஒத்திகையில் யாரிடமும் அதிகம் பேசவில்லை.

இது வெளிப்படும் இடத்தில் மொழிபெயர்ப்பு என்னைப் படுத்தியது. மூலத்தில் ரூத் டாக்டரைப் பற்றிப் பேசும்போது வாய்தவறிப் பெண்பாலில் சொல்லிவிடுகிறாள். மாமியாருக்கு உடனே பொறி தட்டுகிறது: அந்தக் காலத்தில், அவர்கள் போகிற டாக்டர் ஆண். தமிழில் இது இரண்டு பக்கமும் இடித்தது. மரியாதையாக 'சொன்னாங்க' என்றால் ஆணா பெண்ணா என்றே தெரியாது. 'டாக்டரம்மா சொன்னாங்க' என்றால் நம் ஊரில் அதைவிட இயல்பு எதுவும் இல்லை. பிள்ளைப்பேறு என்றாலே டாக்டரம்மாதான். யாருக்கும் சந்தேகம் வராது. முதல் முறை அந்த வசனம் தண்ணீரில் விழுந்த கல்லாகப் போயிற்று.

வழி பல நாள் கழித்துக் கிடைத்தது. 'டாக்டர் என்ன சொன்னாரு?' என்று மாமியார் அழுத்திக் கேட்கிறார். 'ஒண்ணும் பயமில்லன்னு சொன்னா' என்கிறாள் ரூத். ஒருமையில். டாக்டரை யாராவது 'சொன்னா' என்பார்களா? அந்த ஓர் எழுத்துக் குறைவில் சந்துவீடு, பூட்டிய கதவு, காசை எண்ணி வாங்கிய கை எல்லாம் வந்துவிட்டன. மாமியார் திரும்பிப் பார்க்கும் முன்பே பார்வையாளர்களில் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை ஓரத்திலிருந்து பார்த்தேன்.

லீனா அந்தப் பணத்தில் 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி ஒரு வீடு வாங்குகிறாள். கிளைபோர்ன் பார்க். வெள்ளையர் மட்டுமே வசிக்கும் பகுதி. இதை ஒரு புரட்சிப் பெண்மணியின் அறைகூவலாகச் சொல்லவைத்தது என் பழைய பிழைகளில் ஒன்று. அவள் சொல்லும் காரணம் விலை. கறுப்பினத்தவருக்கென்று ஊருக்கு வெளியே கட்டும் வீடுகள் இரண்டு மடங்கு விலை. இந்த வீடுதான் அவள் குடும்பத்துக்குக் கட்டுபடியானது. சந்தையில் பேரம் பேசித் தெரிந்த ஒருத்தியின் கணக்கு அது. அந்தக் கணக்கைச் செய்வதற்கு அவளுக்கு உரிமை கிடையாது என்று அந்த நகரம் நினைத்தது, அவ்வளவுதான்.

இதை ஹான்ஸ்பெரி கேள்விப்பட்டு எழுதவில்லை. அவருடைய தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி சிகாகோவில் வீடு, மனை வியாபாரம் செய்தவர். 1937-இல் தெற்கு ரோட்ஸ் அவென்யூவில் ஒரு வீடு வாங்கிக் குடும்பத்தோடு போனார். கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அந்தத் தெருவில் இருந்தது. கூட்டம் கூடியது. ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்த கல் சிறுமி லொரெய்னை மயிரிழையில் தவறியது. வழக்குக்காகக் கணவர் வெளியூர் போன நாட்களில் தாய் நானி குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு இரவெல்லாம் வீட்டைச் சுற்றி வந்தாள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 1940 நவம்பரில் ஹான்ஸ்பெரி குடும்பம் வென்றது. ஆனால் அந்த ஒப்பந்தமே தவறு என்று தீர்ப்பில்லை. முந்தைய வழக்கொன்றின் முடிவு இவர்களைக் கட்டுப்படுத்தாது என்ற நடைமுறைக் காரணத்தால் வந்த வெற்றி. அந்த ஒப்பந்தம் செல்லுபடியாக, தெருமுகப்பு நீளத்தில் 95 சதவீதத்துக்குச் சொந்தக்காரர்கள் கையெழுத்திட வேண்டும். உண்மையில் கையெழுத்து விழுந்தது சுமார் 54 சதவீதத்துக்குத்தான். தந்தை 1946-இல் மெக்சிகோவில் இறந்தார். அமெரிக்காவை விட்டுக் குடும்பத்தோடு அங்கே குடிபோகும் எண்ணத்தில் இருந்தார்.

சிகாகோவில் புழங்கிய அந்த ஒப்பந்தப் படிவங்களில் ஒரு விலக்கு இருந்தது. கட்டடக் காவலாளி, கார் ஓட்டுநர், வீட்டு வேலைக்காரர் என்றால் வேலை பார்க்கும்வரை பின்கட்டில் தங்கிக்கொள்ளலாம். இதைப் படித்த அன்று ஒத்திகையை நிறுத்திவிட்டு நடிகர்களிடம் சொன்னேன். வால்டர் கார் ஓட்டுநர். ரூத்தும் லீனாவும் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்பவர்கள். அதாவது இந்தக் குடும்பத்தார் அத்தகைய தெருக்களுக்குள் நுழையத் தடையே இருந்ததில்லை. சொந்தக்காரராக நுழையத்தான் தடை. வால்டராக நடித்த தம்பி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவங்களுக்கு எங்க தோலு பிரச்சினை இல்லண்ணே, சாவிதான் பிரச்சினை," என்றான்.

1948-இல் உச்சநீதிமன்றம் இன்னொரு வழக்கில், இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆகவே நாடகம் நடக்கும் காலத்தில் கிளைபோர்ன் பார்க் வெள்ளையர்கள் சார்பில் யங்கர் வீட்டுக் கதவைத் தட்டும் கார்ல் லிண்ட்னரின் கையில் பெரும்பாலும் சட்டம் இல்லை. என்ன கொண்டுவருகிறார்? பணம். நீங்கள் கொடுத்ததைவிடக் கூடுதலாகத் தருகிறோம், வராமல் இருங்கள். குடும்பத்தின் கனவு எந்த உருவில் அந்தக் கூடத்துக்குள் வந்ததோ அதே உருவில்தான் அவமானமும் வருகிறது. இதுதான் நான் முதல் முறை தவறவிட்டது.

தவறவிட்டதால் லிண்ட்னரை வில்லனாக்கினேன். மோவாயைத் தூக்கிக்கொண்டு நடந்தார், குரலில் திமிர். கூட்டம் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிற்று. அப்படி வெறுக்க வைப்பது சுலபம். பிராட்வேயில் லிண்ட்னராக நடித்த ஜான் ஃபீட்லர் சிறிய உருவம், மெல்லிய குரல். பிற்காலத்தில் டிஸ்னியின் வின்னி த பூ படங்களில் பிக்லெட் என்ற குட்டிப் பன்றிக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான். அந்தக் குரலைக் கற்பனை செய்து பாருங்கள்; தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எல்லாரும் உட்கார்ந்து நல்லபடியாகப் பேசினால் தீராத பிரச்சினை எது என்று கேட்கும் குரல். இரண்டாம் முறை அந்த வேடத்துக்கு எங்கள் குழுவிலேயே எல்லாருக்கும் பிடித்த, வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரைப் போட்டேன். ரூத் காபி வேண்டுமா என்று கேட்கும் அளவுக்கு அவர் நல்லவராகத் தெரிந்தார்.

தமிழ் எனக்கு இங்கே ஒரு வரம் கொடுத்தது. 'நீங்க' என்பது மரியாதை, அதுவே பன்மையும். லிண்ட்னர் உள்ளே வரும்போது வால்டரைப் பார்த்துச் சொல்லும் 'நீங்க' ஒரு மனிதனுக்குக் கொடுக்கும் மரியாதை. பேசப் பேச, சொல் மாறாமலே, அந்த 'நீங்க' ஒரு கூட்டத்தைச் சுட்டும் 'நீங்க'வாகிவிடுகிறது. அப்புறம் 'உங்க ஆளுங்க' வருகிறது. எந்த வரியில் ஒருவனாக இருந்த வால்டர் ஒரு இனமாகிவிட்டான் என்று கண்டுபிடிக்க முடியாதபடி நகர வேண்டும். நடிகரிடம் சொன்னேன்: முதல் நான்கு 'நீங்க'வுக்கு வால்டர் கண்ணைப் பாருங்கள், ஐந்தாவதுக்கு மட்டும் அவன் தோளுக்குப் பின்னால் சுவரைப் பாருங்கள். அந்தப் பார்வை நகர்ந்ததை வால்டருக்கு முன்பே பெனீதா கவனித்தாள்.

இந்தக் கதையைச் சென்னைக்குக் கொண்டுவந்துவிடு, இனத்தைச் சாதியாக்கிவிடு என்று சொன்னவர்கள் உண்டு. நல்லெண்ணத்தில் சொன்னார்கள். செய்யவில்லை. வீடு பார்க்கப் போன இடத்தில் ஊர் எது, தெரு எது என்று சுற்றி வளைத்துக் கேட்கப்பட்ட அனுபவம் எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு இருந்தது. அவர்கள் அதை ஒரு மாலை பேசினார்கள். பேசி முடித்த பின் லிண்ட்னர் காட்சியில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் அந்த அனுபவத்துக்கு அதன் சொந்த நாடகம் வேண்டும், சொந்தச் சட்டமும் சொந்தத் தெருவும் வேண்டும். சிகாகோவின் வலியைக் கடன் வாங்கி நம் வலிக்குப் போர்த்தினால் இரண்டும் மங்கிவிடும். அதே காரணத்தால் யார் முகத்திலும் கரி பூசவில்லை, லிண்ட்னருக்குப் பவுடரும் அப்பவில்லை. அவர் உள்ளே வந்ததும் கூடத்தில் இருந்தவர்கள் உட்காரும் விதம் மாறியது. நிறத்தை அப்படித்தான் காட்டினோம்.

மீதி 6,500 டாலரை லீனா மகனிடம் கொடுக்கிறாள். 3,000-ஐ தங்கையின் படிப்புக்கு வங்கியில் போட்டுவிட்டு மிச்சத்தை நீ பார்த்துக்கொள் என்கிறாள். அவன் மொத்தத்தையும் மதுக்கடைப் பங்காளியிடம் கொடுத்துவிட, அந்த ஆள் கம்பி நீட்டிவிடுகிறான். வீடு மாறும் நாளன்று, பெட்டிகள் கட்டிவைத்த கூடத்தில் செய்தி வருகிறது. இந்தக் காட்சியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. நல்ல நடிகன் கையில் அது தானாக நடக்கும். சுவரில் இருந்த தாளில் அன்று வால்டர் தன் பெயருக்குக் கீழே சுழி போடவில்லை. ஆறாவது பெயருக்குக் கீழே, பெரிய வால்டரின் கட்டத்தில், போட்டான்.

அதன் பிறகு அவன் லிண்ட்னரை அழைக்கிறான், பணத்தை வாங்கிக்கொள்ள. எப்படிக் குனிந்து வாங்குவான் என்று குடும்பத்தார் முன்னால் மண்டியிட்டே நடித்துக் காட்டுகிறான். நடிகனுக்குள் இருக்கும் நடிப்பு இது. மிகையாகப் போக வேண்டும், பார்க்கச் சகிக்கக் கூடாது. முதல் முறை இதை அடக்கி வாசிக்கச் சொன்னேன், நாகரிகம் கருதி. பிழை. அவன் அந்த அடிமட்டத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் லிண்ட்னர் உண்மையில் வரும்போது வாய் வராமல் தடுமாற முடியும். லீனா பேரனை வெளியே போகவிடாமல் நிறுத்தி, பார்க்கச் சொல்கிறாள். முதல் காட்சியில் 50 சென்ட்டால் தான் பெரியவனாகக் காட்டிக்கொண்ட அதே மகன் முன்னால் வால்டர் நிற்கிறான். முதல் செக் அப்பாவின் உடம்புக்கு விலை. இரண்டாவது செக்கை வாங்கினால் அது மகனின் உடம்புக்கு விலை. அவன் வாங்கவில்லை. இதை முழக்கமாகச் சொல்லக் கூடாது என்று எங்கள் வால்டருக்குச் சொன்னேன். அவன் ஏறத்தாழ மன்னிப்புக் கேட்கும் குரலில், வார்த்தை வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னான்.

முதல் அரங்கேற்றத்தில் பக்கத்து வீட்டு மிசஸ் ஜான்சன் வரும் காட்சி வெட்டப்பட்டது. பின்னால் வந்த பதிப்புகளில் சேர்க்கப்பட்டது. நானும் முதல் முறை நீளம் கருதி வெட்டினேன், இரண்டாம் முறை சேர்த்தேன். வெள்ளையர் பகுதிக்குக் குடிபோன கறுப்பினத்தவர் வீட்டில் குண்டு வைத்த செய்தியைப் பத்திரிகையில் கொண்டுவந்து காட்டுகிறவள் அவள். லிண்ட்னரின் பணிவுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பதைப் பார்வையாளர்கள் அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவில் பெட்டி தூக்கிக்கொண்டு போவது கிரகப்பிரவேசம்போல் ஆகிவிடும். அங்கே போய் முதல் ராத்திரி எப்படித் தூங்குவார்கள் என்று ரூத்தாக நடித்தவர் கேட்டார். நானி ஹான்ஸ்பெரி துப்பாக்கியோடு சுற்றி வந்ததைத்தான் அவருக்குப் பதிலாகச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் வெளியேறும்போது சிரிப்பு இருந்தது, அதோடு கதவுப் பூட்டை ஒருமுறை தொட்டுப் பார்க்கும் கையும் இருந்தது.

கடைசியில் லீனா மட்டும் கூடத்தில் நிற்கிறாள். சுற்றிப் பார்க்கிறாள், போகிறாள். விளக்கு மங்குகிறது. கதவு திறக்கிறது, மறந்துபோன செடிக்காகத் திரும்பி வருகிறாள். நாடகம் முழுக்க அந்த ஒற்றை ஜன்னலின் வெளிச்சத்தில் வளர முடியாமல் வளர்ந்த செடி. முதல் முறை விளக்கு மங்கியதுமே கைதட்டல் தொடங்கிவிட்டது. செடியை யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் முறை விளக்குப் போடும் தம்பியிடம் ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன். அப்போதும் ஓரிருவர் கைதட்டத் தொடங்கினார்கள். கதவு திறந்தது. தட்டிய கைகள் பாதியில் நின்றன. அந்த அம்மா அவசரப்படவில்லை. ஜன்னலோரம் போனார், ஈரம் இருக்கிறதா என்று மண்ணை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார், விரலைப் புடவையில் துடைப்பதுபோல் கோட்டில் துடைத்துக்கொண்டார், செடியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.